பூட்டிய வீட்டில் டிவி கேம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதைச் செட்டிநாட்டுக்கு வந்துபோனவர்கள் அறிவர். பர்மா அரக்குச் சாமான்கள், ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், பிரிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்கள் என்று அங்கே கிடைக்காதது குறைவு. சென்ற மாதம் வெளியூர் நண்பர் ஒருவருடன் அத்தெருவில் சுற்றியபோது, ஒரு கடையின் மூலையில், மர உரலுக்கும் எழுத்தாணிகளுக்கும் இடையில் அந்தப் பெட்டி கிடந்தது. வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளித்து, ஓரங்களில் சிவப்பு. இரண்டு கைக்கட்டைகள், ஆரஞ்சு நிறத் துப்பாக்கி ஒன்று, ஒரு கேசட். "இது டிவி கேமுங்க சார், இப்ப இதுக்கும் ஆள் வருது" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலையைக் கேட்டு நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிவி கேம் என்பதுதான் அதன் பெயர். வீடியோ கேம் என்று நாங்கள் சொன்னதில்லை. கணினி விளையாட்டு என்ற சொல் பின்னாளில் பாடப்புத்தகம் தந்தது. உள்ளே இருந்தது ஒரு கணினி என்பதே எங்களுக்குத் தெரியாது. செருகும் அட்டைக்குக் கேசட் என்று பெயர். பாட்டுக் கேசட், படக் கேசட் வரிசையில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஒரு பொருள் ஊருக்குள் நுழையும்போது தன் பெயரோடு வருவதில்லை. ஏற்கெனவே அங்கிருக்கும் ஒன்றின் உறவினராகவே அறிமுகமாகிறது.

அரியக்குடி என்றால் இசை அறிந்தவர்களுக்கு ராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். வைணவர்களுக்குத் திருவேங்கடமுடையான் கோயில். எனக்கு ஒரு சாவிக்கொத்து. என் தந்தை எங்கள் தெருவின் பெரிய வீடொன்றுக்குக் கணக்கும் சாவியும் பார்த்துவந்தார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். ஒரு பங்காளி மலேசியாவில். வருடத்தில் ஓரிரு முறை, படைப்புக்கோ கல்யாணத்துக்கோ, வீடு நிறையும். மற்ற நாட்களில் அப்பா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் திறந்து, பெருக்கச் செய்து, குத்துவிளக்கேற்றிவிட்டுப் பூட்டுவார். 1992 கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது டிவி கேமை விட்டுச் சென்றார்கள். மறந்துவிட்டா, அலுத்துவிட்டா என்று தெரியாது. சென்னையில் இதைவிடப் புதியது வாங்கியிருக்கலாம். விளக்கு எரியும் ஒரு மணி நேரம் எங்களுக்கு அந்தப் பெட்டி கிடைத்தது. அப்பா கண்டும் காணாததுபோல் முகப்பில் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருப்பார்.

செட்டிநாட்டு வீட்டில் வரவேற்பறை என்று ஒன்று கிடையாது. முகப்பு உண்டு, திண்ணை உண்டு, பட்டாலை உண்டு, வானம் பார்த்த வளவு உண்டு, அதற்கப்பால் இரண்டாம் கட்டு, அடுப்படி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. அவற்றில் பொருள் வைப்பார்களேயன்றிக் கூடி உட்காரமாட்டார்கள். ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே என்பது கட்டடத்திலேயே எழுதப்பட்ட இலக்கணம். தொலைக்காட்சி வந்தபோது அதற்கு எங்கே இடம் என்ற கேள்வி எழுந்திருக்கவேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982இல். ஆனால் எங்கள் பக்கம் ஒழுங்காகப் படம் தெரிந்தது கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தபிறகே. அந்த வீட்டில் ஷட்டர் வைத்த சாலிடேர் பெட்டியை வளவின் ஓரத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். காரணம் எளியது: பிளக் அங்கேதான் இருந்தது. அதன்பின் முகப்பில் இருந்த ஆண்கள் உள்ளே வந்தார்கள், அடுப்படியில் இருந்த ஆச்சிகள் முன்னே வந்தார்கள், எல்லோரும் ஒரே திசையில் உட்கார்ந்தார்கள். நூறாண்டு இலக்கணத்தை மின்சார வாரியம் மாற்றியது என்று வகுப்பில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மாணவர்கள் ரசித்ததில்லை.

அசையும் படம் இப்பகுதிக்குப் புதிதல்ல என்பதை இடையில் சொல்லிவிடலாம். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1940களில் தம் ஸ்டுடியோவைக் காரைக்குடியிலேயே வைத்து நடத்தினார். 'நாம் இருவர்' (1947) இங்கே எடுக்கப்பட்ட படம். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கத்தான் முடியும். திரையில் இருப்பவரை நகர்த்த முடியாது.

நகர்த்த முடியுமா என்று கேட்டவர் ரால்ஃப் பேர். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1938இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குத் தப்பியவர். 1966 ஆகஸ்ட் மாதக் கடைசியில் நியூயார்க் பேருந்து நிலையமொன்றில் காத்திருந்தபோது, வீடுதோறும் இருக்கும் தொலைக்காட்சியை வெறுமனே பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்த முடியாதா என்று யோசித்துக் குறிப்பெழுதினார். அவருடைய முன்மாதிரிகளிலிருந்து 1972இல் மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் ஒடிசி பிறந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாட விற்பனைக்கு வந்த முதற்கருவி அது.

ஒடிசியைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்தி யோசிக்கவைத்த செய்தி வேறு. அக்கருவியால் திரையில் சில வெண்புள்ளிகளையும் ஒரு கோட்டையும் மட்டுமே காட்ட முடியும். ஓசை இல்லை. மதிப்பெண் கணக்கும் இல்லை. ஆகவே பெட்டியோடு வண்ணம் தீட்டிய ஒளிபுகும் தாள்களைக் கொடுத்தார்கள். அவற்றைத் திரைமேல் ஒட்டவைத்தால் அது டென்னிஸ் களமாகும், பேய்வீடாகும். கூடவே பகடைகள், சீட்டுகள், விளையாட்டுக் காசுகள். விதிகளை ஆடுகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். யார் வென்றார் என்பதையும் அவர்களே முடிவுசெய்யவேண்டும்.

இது தாயம் அல்லாமல் வேறென்ன? எங்கள் தெருவில் பெண்கள் மதிய வேளையில் தரையில் சாக்கட்டியால் கட்டம் வரைவார்கள். கட்டம் வெறும் கோடு. விளையாட்டு ஆடுகிறவர்களின் வாயில் இருந்தது. ஐந்துக்கு மறுபோடு உண்டா, வெட்டினால் இன்னொரு ஆட்டமா, மலையில் இருக்கும் காயை வெட்டலாமா என்பவை வீட்டுக்கு வீடு மாறும். சண்டையும் அவற்றில்தான் வரும். போங்காட்டம் என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. விதி மனிதர்களிடம் இருக்கும்வரை போங்கும் இருக்கும். போங்கு இருக்கும்வரை பேச்சும் இருக்கும். ஒடிசிக்குப் பின்வந்த பெட்டிகள் செய்த பெரிய மாற்றம், என் நோக்கில், வண்ணமோ இசையோ அல்ல. விதியை மனிதர் வாயிலிருந்து பிடுங்கிச் சில்லுக்குள் அடைத்தார்கள். மரியோ பள்ளத்தில் விழுந்தால் விழுந்ததுதான். யாரிடமும் முறையிட முடியாது.

எங்கள் பெட்டியின் குலவரலாறு சுவையானது. நிண்டெண்டோ 1889இல் கியோத்தோ நகரில் ஹனபுதா என்னும் பூச்சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம். சீட்டுக்கட்டுக் கம்பெனி என்றே சொல்லலாம். அது 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது, வெள்ளையும் சிவப்பும். அமெரிக்காவுக்கு அது 1985இல் வேறு உருவத்தில், என்.இ.எஸ். என்ற பெயரில் போயிற்று. இரண்டும் சேர்ந்து உலகில் ஆறு கோடிக்கு மேல் விற்றன. எங்களவர் பலர் இன்று முகநூலில் "நாங்கள் நிண்டெண்டோ ஆடிய தலைமுறை" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலோர் ஆடியது அதை அல்ல. தைவானின் யு.எம்.சி. நிறுவனம் ஃபேமிகாமின் சில்லுகளை ஒத்த சில்லுகளைச் செய்தது. அவற்றை வைத்து மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல் பெட்டிகள் உலகெங்கும் பரவின. ரஷ்யாவில் அதற்கு 1992இல் டெண்டி என்று பெயர். இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள். பெயரே இல்லாமல் வந்தவையும் ஏராளம்.

நகல் என்றால் மட்டம் என்று எண்ணுகிற வழக்கம் நமக்கு உண்டு. இதில் அப்படிச் சொல்ல முடியாது. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு அறுபது முறை படத்தை வரைந்தது. நம்முடைய பால் முறைத் தொலைக்காட்சியோ ஐம்பது முறை. ஜப்பானில் எழுதிய ஆட்டம் நம்மூர் டிவியில் மெதுவாக ஓடவேண்டும். நிண்டெண்டோ முறைப்படி விற்ற ஐரோப்பாவில் பல ஆட்டங்கள் அப்படித்தான் மெதுவாக ஓடின. தைவான் பொறியாளர்கள் தங்கள் சில்லில் காலக்கணக்கைச் சற்று மாற்றியமைத்து, ஜப்பானில் எழுதிய ஆட்டங்கள் ஐம்பது முறை வரையும் டிவியிலும், சற்று மெதுவாகவேனும், பெரும்பாலும் பிசகாமல் ஓடும்படிச் செய்தார்கள். 

அசல் ஏன் இங்கே வரவில்லை என்பதற்கு இறக்குமதி வரியே பெரும் விடை. சேகா நிறுவனம் 1995இல் ஷா வாலஸ் மூலமாக இந்தியாவில் நுழைந்தது. எண்பது விழுக்காட்டு இறக்குமதி வரியைச் சுற்றிப்போக அது ஒரு வழி. மெகா டிரைவ் பெட்டியின் விலை 18,000 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல வண்ணத் தொலைக்காட்சியே வாங்கிவிடலாம். நகல் பெட்டிகள் சென்னையின் பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைத்தன. எங்கள் வீட்டுக்காரர்களும் அங்கேதான் வாங்கியதாக அப்பா சொல்வார். பர்மாவில் சம்பாதித்த பணத்தில், பர்மாத் தேக்கில் கட்டிய வீட்டுக்குள், பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்காக 1960களில் ஏற்பட்ட கடைவீதியிலிருந்து, தைவான் பெட்டி வந்து சேர்ந்தது. இதைவிடச் சுருக்கமாக செட்டிநாட்டின் இருபதாம் நூற்றாண்டைச் சொல்ல எனக்குத் தெரியாது.

கேசட்டின் மேல் 9999 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை பத்துப் பதினைந்து ஆட்டங்களே; பட்டியலில் அவையே வேறு பெயரிலும் வேறு வேகத்திலும் திரும்பத்திரும்ப வரும். மரியோ, சர்க்கஸ் சார்லி, டாங்கி ஆட்டம், ரோட் ஃபைட்டர், வாத்து சுடுவது. கான்ட்ரா தனிக் கேசட்டாகத் தெருவில் ஒருவனிடம் இருந்தது. அவனுக்கு இருந்த மரியாதை வேறு எவருக்கும் இல்லை. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதுவோம். பூமி முழுதும் சிறுவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இதையே செய்தார்கள். எச்சில் ஈரம் உலோக முனைகளை அரிக்கும், ஊதாதீர்கள் என்று பின்னாளில் நிறுவனமே சொல்லவேண்டியிருந்தது.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பரில் வந்த ஆட்டம். முழு ஆட்டமும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் இதைப்போல் ஐம்பது அறுபது அடங்கும். இடம் போதாமையால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். யாப்புக்குள் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கனம் அந்நியமாகத் தோன்றாது.

சில்லுக்குள் அடைத்த விதியிலும் போங்கு நுழைந்தது. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர் 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கும்போது தமக்கே கடினமாக இருந்ததால் ஒரு ரகசியச் சாவி வைத்துக்கொண்டார்: மேலே இருமுறை, கீழே இருமுறை, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அதை எடுக்காமலே ஆட்டம் வெளியாகிவிட்டது. கான்ட்ராவில் அதே சாவியால் முப்பது உயிர் கிடைக்கும். அவர் 2020இல் காலமானார். எங்கள் தெருவுக்கு அது எப்படி வந்ததென்று யோசித்துப் பார்க்கிறேன். இணையம் இல்லை, ஆங்கில இதழ்கள் இல்லை. யாரோ ஒருவனின் மாமா பையன் விடுமுறையில் சொல்லிக்கொடுத்தான். நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் இவ்வகைப் பரவலை ஆராய்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் செய்யவில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வெள்ளிக்கிழமை அவளும் வருவாள். விளக்கைத் துலக்கித் திரி போடுவது அவள் வேலை. அதை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாள். ஃபேமிகாமின் இரண்டாவது கட்டையில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லை. அதைப் பார்த்துச் செய்த நகல்களிலும் பெரும்பாலும் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ முதல் கட்டை வைத்திருப்பவனால்தான் முடியும். மரியோவில் இருவர் ஆட்டம் என்பது ஒரே சமயத்தில் இருவர் ஆடுவது அல்ல. முதலாமவன் சாகும்வரை இரண்டாமவர் காத்திருக்கவேண்டும். நான் தேர்ந்தவனாகிக்கொண்டே போனேன். விளக்கில் எண்ணெய் குறைந்து அப்பா எழுந்துவருவதற்குள் நான் சாகாத வெள்ளிக்கிழமைகள் பல உண்டு. "அடுத்த வாரம் ஒனக்கு முதல்ல" என்பேன். ஒரு நாள் அவள், "நீ ஆடு, எனக்கு ஒலியும் ஒளியும் பார்க்கணும்" என்று எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அதன்பின் உட்காரவில்லை. நான் அதை அப்போது வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

சன்னலுக்கு வெளியே நின்றவர்களும் இருந்தார்கள். பக்கத்துத் தெருப் பையன்கள், என் வகுப்பிலேயே படித்தவர்கள். வீட்டுக்குள் அவர்களை விடக்கூடாது என்பது அப்பாவுக்கு இடப்பட்டிருந்த கட்டளை. என்னையும் யாரும் அழைக்கவில்லை; சாவிதான் என்னை உள்ளே வைத்தது. கம்பிக்கு வெளியே நின்று, "குதி, குதி" என்று அவர்கள் சொல்லும் குரலுக்குத்தான் நான் பல பள்ளங்களைத் தாண்டினேன். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதினான்கு அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அரசியல் வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர்த் திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் பலூனுக்கும் நடுவே சீனத்து டிவி கேம்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே நின்ற ஒருவன் தன் மகனுக்கு அதில் ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தான். "இதுல டாங்கி இருக்காடா?" என்று என்னைத்தான் கேட்டான். இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

தொல்காப்பியர் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக எண்ணுகிறார். ஆண்டுதோறும் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது உதாரணம் சொல்ல நேரும். புனலாடலையும் பந்தாடலையும் சொல்வேன். விளையாட்டைப் பற்றி நம் பழைய இலக்கியத்தில் என்னை மிகவும் பாதித்த இடம் மகிழ்ச்சியானதல்ல. புறநானூற்றின் 52ஆம் பாட்டு, மருதன் இளநாகனார் பாடியது. போரால் பாழ்பட்ட ஊர். பலியிடுவார் இல்லாத பொதுமன்றம். முன்பு நரைத்த முதியவர்கள் சூதாடிக் காய் உருட்டியதால் தேய்ந்து குழிந்த இடங்களில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. மனிதர் போன பின்னும் ஆட்டத்தின் தடம் தரையில் இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டை 1990களின் கடைசியில் பங்காளிகள் பிரித்து விற்றார்கள். தூண்கள் முதலில் போயின. நான் போய்ப் பார்த்தபோது தாழ்வாரத்துச் சுவரில் பிளக் இருந்த பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா திருமணமாகி டொராண்டோ போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2023 ஜூலையில் அந்நகரின் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப்பெண், கணவன், மகன். தாய் தந்த சமையல் குறிப்பேடு பல இடங்களில் சிதைந்திருக்கிறது. எது முன், எது பின் என்று ஊகித்து இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டம். 2024இல் அதற்கு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. மகள் கூடத்து டிவியில் நிண்டெண்டோவை இணைத்துத் தந்தாளாம். அசல் நிண்டெண்டோ. அக்கா அன்றிரவு கைப்பேசியில் அழைத்து, "தம்பி, ஒரே கட்டைதான். யாரும் சாக வேண்டியதில்லை" என்றாள். சிதைந்த ஏட்டில் விடுபட்ட சொல்லை நிரப்புவது நான் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. அவள் அதை முதன்முறை ஆடியே முடித்துவிட்டாள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பெட்டியைப் பேரம் பேசி வாங்கிவந்தேன். எங்கள் வீட்டுத் தட்டை டிவியில் படம் வந்தது, சற்று வெளிறி. துப்பாக்கி வேலை செய்யவில்லை, செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைத் தேடுகிறது. எலெக்ட்ரான் கதிர் திரையை வரையும் அதே நொடிக்கூறில் அது தெரியவேண்டும். இன்றைய திரைகள் படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிப்பதால் துப்பாக்கிக்கு எல்லாம் இருட்டாகவே இருக்கிறது. பிக்சர் டியூப் உள்ள பழைய டிவி ஒன்று வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஷட்டர் வைத்த சாலிடேர் ஒன்று அவரிடம் இருக்கிறது, ஆனால் உள்ளே எதுவும் இல்லை. யாரோ புத்தக அலமாரியாக்கியிருக்கிறார்கள்.

அக்கா தை மாதம் வருகிறாள். இரண்டாவது கட்டையின் ஒயர் அறுந்திருக்கிறது, பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன். முதல் கட்டை நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் பொத்தானை மட்டும் கொஞ்சம் அழுத்தி அமுக்கவேண்டும்.